வெளிநாட்டில் படிக்க முன்னாள் ராணுவ அதிகாரிக்கு அரசு பணம் தருமா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். வயது 34. 2014-ல் மெக்கானிக்கல் பி.இ., 68 சதவீதம். பரங்கிமலை ஓடிஏ-வில், அதாவது ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி முடித்து, ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்ற குறுகிய காலப் பணியில் ராணுவத்தின் விநியோகப் பிரிவான ஏஎஸ்சி-யில் சேர்ந்தவர். ரேஷன், எரிபொருள், போக்குவரத்து என்று முழுக்க விநியோக வேலை; இப்போது மேஜர். பத்தாண்டு முடிகிறது. மேலும் நான்காண்டு நீட்டிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னும் எட்டு மாதத்தில் ரிலீஸ். கணவருக்கு சிறுசேரியில் ஐடி வேலை, ஐந்து வயதில் மகள். சப்ளை செயின் துறையில் வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசைப்படுகிறார்.

அவர் கேட்பவை: முன்னாள் அதிகாரிகளுக்கு அமெரிக்காவும் கனடாவும் படிப்புச் செலவு தருவதாக உடன் பயிற்சி பெற்ற நண்பர் சொல்கிறாரே, உண்மையா? படையிலிருந்து வெளிவருவோரை அடுத்த வேலைக்குத் தயார்படுத்தும் அரசு அமைப்பான டிஜிஆர், படிப்புக் கட்டணத்தில் கொடுக்கும் 60 சதவீதத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கட்ட முடியுமா? பிரதமரின் கல்வி உதவித்தொகை கிடைக்குமா? அண்ணா நகர் ஏஜென்ட் ஒருவர், 'ராணுவத்தினர் கோட்டா'வில் கனடாவில் இடம் வாங்கித் தர 2 லட்சம் ரூபாய் கேட்கிறார். விசா படிவத்தில் ராணுவப் பணியைக் காட்ட வேண்டாம் என்கிறார். நம்பலாமா? ரிலீஸ் ஆகும்போது வரும் சுமார் 40 லட்சத்தைப் படிப்பில் போடலாமா? அப்பா கூடாது என்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நேர்ப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர் என்பதற்காக வெளிநாட்டுப் பட்டப்படிப்புக்கு உங்களுக்கு உரிமையாக வரும் அரசுப் பணம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, டிஜிஆர் மானியத்தில் இங்கேயே படிப்பது. அது சீருடையில் இருக்கும்வரைதான் முழுப் பயன் தரும். அதற்கு உங்களுக்கு எட்டு மாதம்கூட இல்லை. மற்றது, எல்லோருக்கும் பொதுவான உதவித்தொகைகள். அங்கே உங்கள் பத்தாண்டு அனுபவம் நல்ல பலம். இந்த வரிசை மாறிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. வெளிநாட்டுக் கனவில் மும்முரமாகி, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை நழுவவிட்டுவிடாதீர்கள்.

நண்பர் சொன்னது எங்கிருந்து வந்திருக்கும்?

அமெரிக்காவின் ஜிஐ பில், கனடாவின் கல்வி, பயிற்சி உதவி, பிரிட்டனின் கற்றல் கிரெடிட் எல்லாம் உண்மையான திட்டங்கள்தான். 2018 ஏப்ரலில் கனடா தன் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆறாண்டு பணியாற்றியவருக்கு 40,000 டாலர், பன்னிரண்டாண்டு பணியாற்றியவருக்கு 80,000 டாலர் என்று வைத்தார்கள். ஆனால் இவை அந்தந்த நாட்டுப் படையில் பணியாற்றியவர்களுக்கு மட்டுமே. இந்திய ராணுவத்தின் ரிலீஸ் ஆர்டரைக் காட்டி அங்கே ஒரு டாலரும் வாங்க முடியாது.

இந்திய அதிகாரிகள் அமெரிக்க அரசின் செலவில் அங்கே படிப்பதும் உண்டு. அது ஐமெட் என்ற திட்டம். அதில் பணியில் இருக்கும் அதிகாரியை நம் அரசு தேர்ந்தெடுத்து அனுப்பும். படிப்பு முடிந்ததும் அவர் படைக்குத் திரும்ப வேண்டும். நம் ஊரிலும் இதற்கு இணையானது நடக்கிறது. வெலிங்டன் பணியாளர் கல்லூரியில் பல நாட்டு அதிகாரிகள் படிக்கிறார்கள். பரங்கிமலையில் நட்பு நாடுகளின் பயிற்சியாளர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். நாட்டுக்கு நாடு செய்யும் ஏற்பாட்டில் தனியாள் மனுப் போட இடமில்லை.

ஓய்வுபெற்ற அதிகாரிகளின் மறுபயிற்சிக்கு இன்னொரு நாடு பணம் கொடுத்த வரலாறும் இருக்கிறது. 1990-ல் சோவியத் படைகள் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வெளியேற ஒப்பந்தம் ஆனபோது, ஜெர்மனி கொடுத்த தொகையில் 20 கோடி மார்க் அந்தப் படையினரின் தொழில் மறுபயிற்சிக்கென்றே ஒதுக்கப்பட்டது. உக்ரைனில் படைக்குறைப்பால் வெளியே வந்த அதிகாரிகளுக்கும் குடும்பத்தினருக்கும் 2003 முதல் நார்வே வெளியுறவு அமைச்சகம் பணம் கொடுத்து, உக்ரைன் நகரங்களிலேயே மறுபயிற்சி நடத்தியது. இரண்டிலும் கவனியுங்கள்: ஒரு நாட்டின் படை பெருமளவில் சுருங்கியது, இரு அரசுகள் உட்கார்ந்து பேசின, ஒப்பந்தம் போட்டன. இந்தியாவிலிருந்து தனியாக ரிலீஸ் ஆகும் ஒருவருக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது.

பிரதமரின் கல்வி உதவித்தொகை முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் உரியது. படைவீரரின் சொந்தப் படிப்புக்குக் கிடையாது. வெளிநாட்டில் படிக்கவும் கிடையாது. பிஎம் வித்யாலட்சுமி கடன் திட்டமும் உள்நாட்டில் குறிப்பிட்ட உயர்கல்வி நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. மத்திய அரசும் தமிழக அரசும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகை தருகின்றன. ஆனால் அவற்றில் வயது வரம்பும் குடும்ப ஆண்டு வருமான வரம்பும் உண்டு. பட்டியல் சாதியினருக்கான மத்திய அரசின் திட்டத்தில் 35 வயதுக்குள், 8 லட்சம் ரூபாய்க்குள். மேஜர் சம்பளத்தோடு ஐடி சம்பளமும் உள்ள வீட்டுக்கு அந்த வரம்பு இடம் தராது.

டிஜிஆர்: முதலில் செய்ய வேண்டியது இதுதான்

மறுகுடியமர்வு இயக்குநரகம், அதாவது டிஜிஆர், அதிகாரிகளுக்கான படிப்புகளில் கட்டணத்தில் 60 சதவீதத்தை ஏற்கிறது. 40 சதவீதம் உங்கள் கையிலிருந்து. அந்தப் பணம் டிஜிஆர் ஏற்பாடு செய்துள்ள இந்திய நிறுவனங்களுக்கு மட்டுமே போகும். நீங்களாகத் தேடிப் பிடித்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அதைத் திருப்பிவிட முடியாது.

அதற்காக இதை ஒதுக்கிவிடாதீர்கள். அகமதாபாத் உள்ளிட்ட ஐஐஎம்களில் அதிகாரிகளுக்கென்றே சுமார் ஆறு மாத வணிக மேலாண்மைப் படிப்பு நடக்கிறது. பணியில் இருக்கும்போதே சேர்ந்தால் சம்பளமும் தொடரும். இதில் நாள்கணக்குதான் எல்லோரையும் கவிழ்க்கிறது. ஆறு மாதப் படிப்பு ரிலீஸ் தேதிக்குள் முடிய வேண்டுமானால், அடுத்த இரண்டு மாதத்துக்குள் தொடங்கும் பேட்ச் வேண்டும். எனவே இந்த வாரமே டிஜிஆர் இணையதளத்தில் இந்த ஆண்டுப் படிப்பு அட்டவணையை எடுத்து, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, விண்ணப்பக் கடைசி நாள் மூன்றையும் உங்கள் ரிலீஸ் தேதிக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரிய பேட்ச் பொருந்தவில்லை என்றால் சில வாரங்களில் முடியும் குறுகிய படிப்புகள் உண்டு. சப்ளை செயின், புராஜெக்ட் மேனேஜ்மென்ட் போன்றவற்றைத் தேடுங்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: மானியத்தோடு படிக்கும் வாய்ப்பு பொதுவாக ஒரு முறைதான். அவசரத்தில் ஒரு வாரப் படிப்பில் அதைச் செலவழித்துவிட்டு, பிறகு ஐஐஎம் கிடைக்கவில்லையே என்று வருந்துபவர்கள் உண்டு.

கமாண்டிங் ஆபீசரின் ஒப்புதலோடு விண்ணப்பத்தை அனுப்புங்கள். யூனிட்டில் ஆள் இல்லை, பிறகு பார்க்கலாம் என்று சொல்லக்கூடும். ரிலீஸ் தேதியைக் காட்டி, பேட்ச் தேதியைக் காட்டி, எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாடு போவது உறுதி என்றால் இது எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். உதவித்தொகைத் தேர்வுக் குழு, பத்தாண்டாகப் பாடப்புத்தகம் தொடாத ஒருவரால் மறுபடி வகுப்பில் உட்கார முடியுமா என்று பார்க்கும். அதற்கு ஐஐஎம் சான்றிதழைவிட நல்ல பதில் கிடைப்பது அரிது. உதவித்தொகை கைகூடாவிட்டாலும், ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ உள்ள தொழிற்சாலையின் லாஜிஸ்டிக்ஸ் பிரிவில் அந்தச் சான்றிதழோடு நுழையலாம்.

உங்களுக்குப் பொருந்தும் உதவித்தொகைகள்

உங்கள் பட்டம் 2014-ல் வாங்கியது. அதனாலேயே சில வாசல்கள் அடைபட்டுவிட்டன. வளரும் நாடுகளின் பணியனுபவம் உள்ளவர்களுக்காக ஜெர்மனியின் டிஏஏடி நடத்தும் உதவித்தொகை முதலில் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கடைசிப் பட்டம் ஆறாண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

உங்களுக்கு மிக நன்றாகப் பொருந்துவது பிரிட்டிஷ் அரசின் செவனிங். வயது வரம்பு இல்லை. பட்டமும் 2,800 மணி நேரப் பணியனுபவமும் கேட்பார்கள். உங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. ஓராண்டு மாஸ்டர்ஸுக்குக் கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமானச் செலவு தருகிறார்கள். எம்பிஏ என்றால் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. மீதியை நீங்கள் கட்ட வேண்டும். ஆகவே எம்எஸ்சி சப்ளை செயின் பக்கம் போங்கள். ஆகஸ்டில் விண்ணப்பம் திறந்து அக்டோபர், நவம்பர் வாக்கில் மூடும். படிப்பு மறு ஆண்டு செப்டம்பரில். அதாவது ஏறத்தாழ ஓராண்டு முன்பே தயாராக வேண்டும். படித்து முடித்ததும் இரண்டாண்டுக்குத் தாய்நாடு திரும்பியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கேயே வேலை பார்த்துத் தங்கும் எண்ணம் இருந்தால் இது உங்களுக்கானது அல்ல.

மகளைப் பற்றி நீங்கள் கவலையோடு எழுதியிருந்தீர்கள். 2024 ஜனவரி முதல் பிரிட்டனில் சாதாரண மாஸ்டர்ஸ் மாணவர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. ஆனால் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட முழுநேரப் படிப்பை அரசு உதவித்தொகையில் படிப்பவருக்கு விலக்கு உண்டு. செவனிங் கிடைத்தால் மகளையும் கணவரையும் அழைத்துப் போக விண்ணப்பிக்கலாம்; ஆனால் அவர்களின் செலவை செவனிங் ஏற்காது. சொந்தப் பணத்தில் அதே படிப்புக்குப் போனால் மகள் நங்கநல்லூரில்தான் இருக்க வேண்டும். குடும்பமாக உட்கார்ந்து பேசும்போது இந்த வேறுபாட்டை மேசையில் வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் அடுத்தது. வயது வரம்பு இல்லை, கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ. நாடு திரும்பும் கட்டாயமும் இல்லை. ஆனால் படிப்பு இரண்டு, மூன்று நாடுகளுக்கு மாறி மாறிப் போகும். சிறு குழந்தையோடு ஆறு மாதத்துக்கு ஒரு நாடு என்பது எளிதல்ல. பெரும்பாலான விண்ணப்பங்கள் அக்டோபர் முதல் ஜனவரிக்குள்.

ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் அமெரிக்காவுக்கு. மூன்றாண்டு அனுபவமும் 55 சதவீத மதிப்பெண்ணும் போதும்; ஆனால் குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டும். சப்ளை செயின் அதில் இல்லை. பொது நிர்வாகம் இருக்கிறது. வெள்ள நிவாரணத்தில் பணியாற்றியதாக எழுதியிருக்கிறீர்களே, பேரிடர் விநியோகத்தைப் பொது நிர்வாகக் கோணத்தில் படிக்க உண்மையிலேயே விருப்பம் இருந்தால் போடுங்கள். உதவித்தொகைக்காக ஆர்வத்தை வளைக்க வேண்டாம், நேர்காணலில் தெரிந்துவிடும். இதிலும் இரண்டாண்டு தாய்நாடு திரும்பும் விதி உண்டு.

ஜெர்மனிக்கு உதவித்தொகை இல்லாமலும் போகலாம். அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வசூலிக்கிறது. ஆண்டுச் செலவுக்காக, மாதம் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும். விசாவுக்கு முன், உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். உங்களுக்குச் சிக்கல் மதிப்பெண்ணில். தேர்ச்சி மதிப்பெண் 50 என்று வைத்துக் கணக்கிட்டால் உங்கள் 68 சதவீதம் ஜெர்மன் அளவுகோலில் 2.92 வருகிறது. பல படிப்புகள் 2.5 அல்லது அதற்கும் நல்ல தரம் கேட்கின்றன. அங்கே எண் சிறியதாக இருந்தால்தான் சிறப்பு. ஆகவே பணியனுபவத்துக்கும் புள்ளி தரும் படிப்புகளாகத் தேடுங்கள்.

ஏஜென்ட் சொன்னதைச் செய்யாதீர்கள்

இந்திய ராணுவத்தினருக்கென்று கனடாவில் கோட்டா என்ற ஒன்றை நம்பி 2 லட்சம் கொடுக்க வேண்டாம். சில வணிகப் பள்ளிகள் முன்னாள் ராணுவத்தினருக்கு விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. எந்த நாட்டு ராணுவத்துக்கு என்பதை அட்மிஷன் அலுவலகத்துக்கு நீங்களே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம்.

பணம் போனால்கூடத் திரும்பச் சம்பாதிக்கலாம். ராணுவப் பணியை மறைக்கச் சொன்னாரே, அதுதான் பேராபத்து. அமெரிக்க விசாப் படிவத்திலும் கனடாவின் படிப்பு அனுமதிப் படிவத்திலும் ராணுவத்தில் பணியாற்றினீர்களா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். 'இல்லை' என்று எழுதி அகப்பட்டால் கனடாவில் ஐந்தாண்டுத் தடை, பிரிட்டனில் பத்தாண்டு வரை; அமெரிக்காவில் வாழ்நாள் முழுக்கத் துரத்தும். மறைத்தாலும் 2014-க்குப் பின் பத்தாண்டு என்ன செய்தீர்கள் என்ற இடைவெளியே காட்டிக்கொடுக்கும்.

உண்மையைச் சொன்னால் கனடா கூடுதலாக ராணுவப் பணி விவரப் படிவம் ஒன்றைக் கேட்கக்கூடும்: தேதிகள், இடங்கள், பதவி, பிரிவு. இதனால் பரிசீலனை நீளலாம். அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள். 1923-ம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் ரிலீஸ் ஆன பிறகும் உங்களைக் கட்டுப்படுத்தும். ரிலீஸ் ஆவணங்களில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டாம். எந்த விவரத்தை வெளியிடலாம் என்பதில் ஐயம் இருந்தால், பணியில் இருக்கும்போதே யூனிட்டில் எழுத்தில் கேட்டுத் தெளிவு வாங்கிவிடுங்கள்.

உதவித்தொகைக் கட்டுரையிலும் இதே கவனம் வேண்டும். முகாம் பெயர், படை எண்ணிக்கை, நடவடிக்கையின் பெயர் எதுவும் தேவையில்லை. 'சாலை துண்டிக்கப்படும் மலைப்பகுதியில் குளிர்காலம் முழுமைக்குமான உணவு, எரிபொருள் இருப்பைத் திட்டமிட்டேன். கெட்டுப்போகும் பொருளின் அளவைக் குறைக்க இன்னது செய்தேன்' என்று எழுதினால் தேர்வுக் குழு நிமிர்ந்து உட்காரும்.

பணியில் இருந்துகொண்டே வெளிநாட்டு அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது முன் அனுமதி கேட்கும் விஷயம். சாதாரண பாஸ்போர்ட் எடுக்கவும் முறைப்படி தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். ரிலீஸுக்குப் பிறகு வரும் விண்ணப்பச் சுற்றுக்குக் குறி வைப்பது உங்களுக்கு நிம்மதி.

40 லட்சத்தைப் பற்றி

அப்பா சொல்வதில் பாதி சரி. ஷார்ட் சர்வீஸில் ஓய்வூதியம் கிடையாது. ஒவ்வொரு ஆறு மாதப் பணிக்கும் அரை மாத ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை, பத்தாண்டுக்குச் சுமார் பத்து மாத ஊதியம். அதோடு டிஎஸ்ஓபி என்ற அதிகாரிகளின் வருங்கால வைப்பு நிதி, குழுக் காப்பீட்டு நிதியின் முதிர்வுத் தொகை, விடுப்புச் சம்பளம். மறுபடி மாதாமாதம் வராத பணம் இது. குறைந்தது ஓராண்டுக் குடும்பச் செலவை முதலில் தனியே எடுத்துவையுங்கள். மகள் பெயரில் ஒதுக்க நினைப்பதையும் தனியே எடுத்துவிடுங்கள்.

படிப்புக்கு உதவித்தொகை போக மீதித் தேவைக்குக் கல்விக் கடன் வாங்குவது உங்கள் நிலையில் தவறல்ல. வட்டிக்கு எட்டாண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்குக் கட்டும் தொகைக்கு டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, பிடிக்கமாட்டார்கள். சொந்தப் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்குப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். உதவித்தொகையே கிடைக்காமல் பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ 40 லட்சத்தையும் கொட்டிப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மனம் மாறி இங்கேயே லாஜிஸ்டிக்ஸ் தொழில் தொடங்க நினைத்தால், தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் முன்னாள் படைவீரர்களுக்கு 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் தருகிறது. படிப்புக்கு அல்ல, தொழிலுக்கு.

ரிலீஸுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

கமாண்டிங் ஆபீசரிடம் பரிந்துரைக் கடிதம் பற்றி இப்போதே பேசுங்கள். அவர் இடமாற்றலாகிப் போய்விட்டால் தேடிப் பிடிப்பது சிரமம். வெளிநாட்டு இணையதளத்தில் பரிந்துரை பதிவேற்ற அவருக்கும் விதிகள் குறுக்கே வரலாம். ஓய்வுபெற்ற மேலதிகாரி ஒருவரையும் கேட்டுவையுங்கள். சில பல்கலைக்கழகங்கள் ஆசிரியர் கடிதமும் கேட்கும். உங்கள் கல்லூரித் துறைத் தலைவரைப் பழைய மதிப்பெண் பட்டியலோடு நேரில் போய்ப் பாருங்கள். அப்படியே டிரான்ஸ்கிரிப்டுக்கும் விண்ணப்பித்து, முத்திரையிட்ட உறைகள் ஐந்தாறு வாங்கிவிடுங்கள். அது வர வாரக்கணக்கில் ஆகும்.

ரிலீஸ் ஆர்டர், பணிச் சான்று ஆகியவற்றில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்திருந்தால் இங்கேதான் முரண்படும், பெரும்பாலும் விசா நேரத்தில் தெரியவரும். பணிக்காலம் முடித்துப் பணிக்கொடையோடு வெளிவருவதால் நீங்களும் முன்னாள் படைவீரர்தான். சென்னை வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கு 2019 முதல் இசிஹெச்எஸ் மருத்துவ வசதியும் உண்டு. வெளிநாடு போகும் அவசரத்தில் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இத்தனைக்கும் முன்னால், இந்த வாரம் டிஜிஆர் அட்டவணை. பேட்ச் தேதிகள் உங்கள் ரிலீஸ் தேதியோடு பொருந்தவில்லை என்றால் அவற்றைக் குறித்து மறுபடி எழுதுங்கள். எந்தக் குறுகிய படிப்பு உங்களுக்கு ஏற்றது என்று பார்த்துச் சொல்கிறேன்.